பதினோரு மணி இழுப்பு

உத்திராபதி விற்பது மருந்து. குடித்தவன் பிழைத்ததாகச் சரித்திரம் இல்லை.

புவனகிரிக் கடைத்தெருவில் அவருடைய கடை. பெயர்ப்பலகையில் 'வேளாண் இடுபொருள் விற்பனை நிலையம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதை யாரும் படித்ததில்லை. ஊருக்கு அது மருந்துக் கடை. தலைவலி மாத்திரை விற்கிற கடைக்கு அங்கே பெயர் மெடிக்கல். மருந்து என்றால் நெல்லுக்குக் குருத்துப்பூச்சி, மல்லாட்டை என்கிற நிலக்கடலைக்குப் புழு. ஒருவன் 'மருந்து அடிக்கிறான்' என்றால் வயலில் நிற்கிறான் என்று அர்த்தம். 'மருந்து குடிச்சிட்டான்' என்றால் ஆம்புலன்சுக்கு போன் போட வேண்டும் என்று அர்த்தம்.

வெள்ளாற்றின் இரண்டு கரையிலும் பால்குடிப் பிள்ளைக்குக்கூடப் புரிகிற இந்தத் தமிழ், சிதம்பரத்தில் ஒரே ஒரு கட்டடத்துக்குள் மட்டும் புரியவில்லை. அது திருவருட்செல்வம் மெட்ரிக் மேல்நிலைப் பள்ளி.

அங்கேதான் உத்திராபதியின் ஒரே மகள் சிந்துஜா ஏழாம் வகுப்பு படித்தாள். சாக்பீஸ் தூள் பறந்தால், வெயிலில் ஓடினால், அடக்க முடியாமல் சிரித்தால் அவளுக்கு மூச்சு இழுக்கும். நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுகிற மாதிரி சத்தம் வரும். டாக்டர் கையடக்கமாக ஒரு இன்ஹேலரைக் கொடுத்து, "எப்பவும் பையில இருக்கட்டும். இழுத்தா ரெண்டு பஃப். யாரையும் கேட்டுக்கிட்டு நிக்காத" என்று சொல்லியிருந்தார். அவளும் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. வகுப்பில் டெஸ்குக்கு அடியில் குனிவாள், இரண்டு இழுப்பு இழுப்பாள், நிமிர்ந்து விட்ட இடத்திலிருந்து கணக்குப் போடுவாள். பிரச்சினை இல்லை.

பிரச்சினை இல்லாத இடத்தைக் கண்டால் முதல்வர் கார்த்திகேசனுக்குச் சோறு இறங்காது.

கடலூரில் இருக்கிற ஏதோ ஒரு தனியார் பள்ளிகள் கூட்டமைப்பு அந்த வருஷம் புதிதாக ஒரு கேடயம் அறிவித்தது: 'மருந்து விபத்தில்லாப் பள்ளி'. கார்த்திகேசன் அறையில் ஏற்கெனவே தூய்மைக் கழிப்பறைக் கேடயம் இருந்தது. கழிப்பறையைப் பூட்டியே வைத்திருந்ததால் கிடைத்தது. பசுமைப் பள்ளிக் கேடயமும் இருந்தது. மதில்சுவருக்குப் பச்சை பெயின்ட் அடித்து வாங்கியது. மூன்றாவதற்கு இடம் காலியாக இருந்தது. அந்தக் காலியிடம் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை இறைவணக்கத்தில் மைக்கைப் பிடித்தார்.

"மாணவச் செல்வங்களே! நோய் என்பது இயற்கை. மருந்து என்பது செயற்கை. நமது நிர்வாகம் என்றைக்கும் இயற்கைக்கு எதிரியல்ல. ஆகவே உங்களுக்கு நோய் இருக்கலாம். தாராளமாக இருக்கலாம். மருந்துதான் இருக்கக் கூடாது!"

பைகள் சோதனையிடப்பட்டன. தைல டப்பா, ஓமவாட்டர் பாட்டில், இருமலுக்கு வைத்திருந்த பனங்கற்கண்டு ஆகியவை பிடிபட்டன. ஒரு பையனிடமிருந்த விபூதிப் பொட்டலமும் பொடி வடிவில் இருந்த குற்றத்துக்காகப் பறிமுதலானது. கூடவே சிந்துஜாவின் இன்ஹேலர்.

*

உத்திராபதிக்கு அழைப்பு வந்தது. கடையை அப்படியே போட்டுவிட்டு பைக்கில் ஓடினார்.

சுகாதார ஒருங்கிணைப்பாளர் என்று பலகை வைத்த மேசைக்குப் பின்னால் அருள்மொழி மிஸ் உட்கார்ந்திருந்தார். நேற்று வரைக்கும் ஓவிய ஆசிரியை. ஒரு தடவை சிவப்புச் சிலுவைப் படத்தை அளவு பிசகாமல் போஸ்டரில் வரைந்திருந்தார். அந்தத் தகுதி போதும் என்று முதல்வர் முடிவு செய்திருந்தார்.

"டாக்டர் சீட்டுல 'தேவைப்படும்போது'ன்னு எழுதியிருக்கார். இது செல்லாதுங்க."

"ஏன் மேடம்?"

"தேவை எத்தனை மணிக்கு?"

"இழுக்கறப்பதான் மேடம்."

"அதான் கேக்கறேன். எத்தனை மணிக்கு இழுக்கும்?"

உத்திராபதி மேசைப் பக்கம் குனிந்தார். "அது எப்படிங்க சொல்ல முடியும்? மழ மாதிரி அது. வந்தாதான் தெரியும்."

"மழைக்கே இப்ப டைம் சொல்றாங்க. பெத்தவருக்குப் புள்ளையோட நோய் டைம் தெரியாதுன்னா, நாங்க என்ன நினைக்கறது?"

நாலு பேருக்கு நடுவில் தகப்பன் மானம் போயிற்று. உத்திராபதி தலையைச் சொறிந்தார். "இன்டர்வெல்லுல வெயில்ல ஓடினா சில நாளு வரும்..."

"இன்டர்வெல் பதினொண்ணு." அருள்மொழி மிஸ் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டார். "நோய் நேரம்: காலை பதினோரு மணி. இனிமே கவலைய விடுங்க."

அன்றிலிருந்து தினமும் பதினோரு மணிக்கு சிந்துஜா ஆபீசுக்கு அழைத்து வரப்பட்டாள்.

"இழுக்குதா?"

"இல்ல மிஸ்."

"நல்லா பாத்துச் சொல்லு. இப்ப இல்லன்னா நாளைக்குத்தான்."

"இல்ல மிஸ்."

"சரி, கையெழுத்துப் போட்டுட்டுப் போ."

இன்ஹேலர் முதல்வர் அறைக் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டப்பட்டிருந்தது. அதைக் காலையில் ஒரு தடவை மட்டும் வெளியே எடுப்பார்கள். அரசுப் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் பிள்ளைகளுக்குப் போடுவதற்கு முன்னால் டீச்சர் ஒரு வாய் ருசி பார்ப்பது வழக்கமல்லவா? அந்தப் பாதுகாப்பு மருந்துக்கு மட்டும் வேண்டாமா என்று கார்த்திகேசன் கேட்டிருந்தார். ஆகவே தினமும் ஒரு இழுப்பு அருள்மொழி மிஸ், ஒரு இழுப்பு முதல்வர்.

"தரமா இருக்கு சார்."

"ஆமா. லேசா நெஞ்சு படபடங்குது. வேலை செய்யுது."

உள்ளே வைத்துப் பூட்டுவார்கள்.

*

கேடயத்துக்கு விண்ணப்பிக்கிற பள்ளியில் ஒரு மருந்துக் குழு இருக்க வேண்டுமாம். அதில் பெற்றோர் தரப்பிலிருந்து மருந்துத் துறை வல்லுநர் ஒருவர் கட்டாயமாம். பள்ளி ஆபீசில் எல்லாப் பிள்ளைகளின் விவரத்தையும் கொட்டிச் சலித்தார்கள். தகப்பனார் தொழில் என்ற இடத்தில் வக்கீல், வாத்தியார், வெல்டர், வெளிநாடு என்று போய், கடைசியில் ஒரு பெயரில் விரல் நின்றது. உத்திராபதி. மருந்துக் கடை.

அதுவரைக்கும் 'என்னப்பா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த கார்த்திகேசன் எழுந்து நின்று கை கொடுத்தார்.

"வாங்க உத்திராபதி சார்! இவ்வளவு நாள் அடக்கமா இருந்துட்டீங்களே. இன்னையிலேர்ந்து நம்ம பள்ளியோட மருந்து வல்லுநர் நீங்கதான்."

"சார், நான் விக்கிறது பூச்சிமருந்து சார்."

"சிறப்பு."

"நெல்லுக்கு, உளுந்துக்கு அடிக்கறது. மனுசனுக்கு இல்ல."

"மருந்துன்னு எழுதியிருக்கீங்க இல்ல?"

"எங்க ஊருல அப்படித்தான் சார் சொல்லுவோம். அதக் குடிச்சா செத்துருவாங்க சார்!"

கார்த்திகேசன் பெருந்தன்மையாகச் சிரித்தார். "அளவு தெரியாமக் குடுத்தா எந்த மருந்தும் அப்படித்தான். அதுக்குத்தானே வல்லுநர்னு ஒருத்தர வெக்கறோம்?"

உத்திராபதி பேனாவை வாங்கிக்கொண்டார்.  அவருக்குள் ஒரு சின்னக் கணக்கு ஓடிற்று. குழுவில் நாமும் இருந்தால், என்றைக்காவது ஒரு நாள் பாப்பாவுக்கு இழுத்தால், அலமாரியைத் திறக்கச் சொல்ல நமக்கும் ஒரு வாய் இருக்கும். கையெழுத்துப் போட்டார்.

சேதி புவனகிரிக்கு அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. கடை வாசலில் அய்யனார் நின்றிருந்தான். மனைவி வழியில் சொந்தம். வாய் ஜாஸ்தி.

"என்னா மச்சான், சிதம்பரத்துல உன்னைய டாக்டராக்கிட்டாங்களாமே? நாளையிலேர்ந்து ஊசியும் போடுவியா?"

"வாய மூடிக்கினு போடா."

"இல்ல, நம்ம மாட்டுக்கு ஒரு வாரமா கழிச்சல். புள்ளைங்களப் பாத்து முடிச்சதும் கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போ."

கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். உத்திராபதியும் சிரித்து வைத்தார். அதுதான் அவர் கடைசியாகச் சிரித்தது.

*

குழுவின் முதல் கூட்டம் ஒரு புதன்கிழமை மத்தியானம் முதல்வர் அறையில் நடந்தது. தலைவர் கார்த்திகேசன், செயலர் அருள்மொழி மிஸ், உறுப்பினர் பி.டி. மாஸ்டர் பாலகுமார், வல்லுநர் உத்திராபதி. கேடயம் கிடைத்தால் வைப்பதற்கு எந்தத் தட்டு என்பது பற்றி விவாதம் சூடாகப் போய்க்கொண்டிருந்தது. மைதானத்தில் ஆண்டு விழாவுக்கு அணிவகுப்பு ஒத்திகை. பாலகுமார் பிள்ளைகளை வெயிலில் நிறுத்திவிட்டு வந்திருந்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் ஓடி வந்தாள். "சார்! சிந்துஜாவுக்கு இழுக்குது சார்!"

உத்திராபதி நாற்காலியோடு எழுந்தார்.

கார்த்திகேசன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "மணி ரெண்டரை ஆகுது. அந்தப் பொண்ணு பதினோரு மணி கேஸ்தானே?"

"ஆமா சார். பதினொண்ணுக்குக் கேட்டேன். இல்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்கா."

"அப்புறம் எப்படி இப்ப இழுக்கும்?"

எப்படி என்று தெரியவில்லை. ஆனால் இழுத்தது. இரண்டு பெண்கள் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து அறை வாசலில் இருந்த பெஞ்சில் அவளை உட்கார வைத்தார்கள். தோள்பட்டை இரண்டும் காது வரைக்கும் ஏறி ஏறி இறங்கின. கழுத்துக் குழி உள்ளே உள்ளே போயிற்று. விசில் சத்தம் அறைக்குள் கேட்டது. அப்பாவைப் பார்த்துவிட்ட நிம்மதியில் சிரிக்க முயற்சி செய்தாள். அதற்குக் காற்று போதவில்லை.

"மேடம், சாவி! சாவியக் குடுங்க!"

"தீர்மானம் வேணுமே சார்."

"போடுங்க! சீக்கிரம் போடுங்க!"

கார்த்திகேசன் தொண்டையைச் செருமினார். "குழு கூடியிருக்கறது நம்ம அதிர்ஷ்டம். மாணவி சிந்துஜாவுக்கு நேரம் தவறிய இழுப்பு. மருந்து வழங்கலாமா? வல்லுநர் கருத்து?"

"குடுங்க சார்! அந்தப் புள்ள மூஞ்சியப் பாருங்க!"

"பதிவு செய்யுங்க. வல்லுநர் ஆதரிக்கிறார்." அவர் சட்டென்று நிறுத்தினார். "ஒரு நிமிஷம். உத்திராபதி சார், அந்தப் பொண்ணு உங்களுக்கு உறவா?"

"எம் பொண்ணு சார்!"

"அட! விதி ஒன்பது இருக்கே. உறுப்பினர் தன் உறவினருக்கு மருந்து சிபாரிசு பண்ணக் கூடாது. நாளைக்கு நாலு பேர் என்ன பேசுவாங்க? செல்வாக்க வெச்சு மருந்து வாங்கிட்டார்னு பேச மாட்டாங்களா?"

"அப்ப என்னைய விட்டுட்டு நீங்க மூணு பேரும் போடுங்க."

"வல்லுநர் இல்லாத தீர்மானம் செல்லாது சார்," என்றார் அருள்மொழி மிஸ் வருத்தத்தோடு. அவர் நல்லவர். கண்கூடக் கலங்கியிருந்தது. சாவி மட்டும் இடுப்பில் இருந்தது.

பெஞ்சில் விசில் சத்தம் மெலிந்தது. அது நல்லதுக்கு இல்லை என்று உத்திராபதிக்குத் தெரியும்.

"விதி மனுஷனுக்காகத்தான், மனுஷன் விதிக்காக இல்ல," என்றார் கார்த்திகேசன் கனிவாக. "வழி இருக்கு. அந்தப் பொண்ணு உங்க மக இல்லன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க. தீர்மானம் உடனே நிறைவேறிடும்."

உத்திராபதி யோசிக்கவில்லை. யோசிக்கிற நேரமா அது? நீட்டிய தாளை வாங்கினார். 'சிந்துஜா என் மகள் அல்ல' என்று எழுதினார். அவசரத்தில் 'அல்ல' மட்டும் கொஞ்சம் பெரிதாக விழுந்தது. கையெழுத்துப் போட்டார்.

"நிறைவேறியது!" என்றார் கார்த்திகேசன். பாலகுமார் பழக்க தோஷத்தில் கைதட்டினார்.

"சாவி மேடம்..."

"இதோ சார். பெற்றோர் ஒப்புதல் மட்டும் ஒண்ணு வாங்கிட்டா முடிஞ்சுது."

"நான்தான் மேடம் பெற்றோர்!"

மூன்று பேரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். கார்த்திகேசன் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டினார். மை இன்னும் காயவில்லை.

"அம்மாவுக்குப் போன் போடுங்களேன் சார்."

அம்மா கனிமொழி மேலவீதியில் ஒரு ஜவுளிக் கடையில் சேல்ஸ். வேலை நேரத்தில் போனை வாங்கி மேனேஜர் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடுவார். அது அந்தக் கடையின் விதி. போன் பெட்டிக்குள் அடித்தது, அடித்தது, நின்றது.

சிந்துஜாவின் உதட்டோரம் நீலம் பாரித்தது.

அதற்கப்புறம் உத்திராபதி செய்த காரியத்துக்கு எந்த விதியிலும் எண் இல்லை. தூய்மைக் கழிப்பறைக் கேடயத்தைத் தூக்கினார். அலமாரிக் கண்ணாடியில் ஓங்கி ஒரே அடி. கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது. கை கிழிந்து ரத்தம் சொட்டச் சொட்ட இன்ஹேலரைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தார். குலுக்கினார். மிச்சம் அதிகம் இல்லை. தினமும் இரண்டு பேர் ருசி பார்த்ததில் டப்பா காற்றாக இருந்தது. "பாப்பா, வாயத் தெற. இழு. இழுடா கண்ணு." ஒரு தடவை. இன்னொரு தடவை. மூன்றாவதற்கு வெறும் புஸ்.

போதுமானதாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் தோள்பட்டை இறங்கியது. உதட்டில் சிவப்பு திரும்பியது. "அப்பா, கையில ரத்தம்" என்றாள் சிந்துஜா.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் பாலகுமார் வராந்தாவுக்கு ஓடிப் போய் போனை எடுத்துக் கத்திக்கொண்டிருந்தார்:

"ஹலோ! சீக்கிரம் வாங்க! பூச்சிமருந்துக் கடைக்காரன் ஒருத்தன் பொண்ணுக்கு மருந்து குடுத்துட்டான்!"

இத்தனை நாளும் புரியாமலிருந்த ஊர்த்தமிழ், பள்ளிக்கு அந்த நிமிஷம்தான் புரிந்தது.

*

ஆம்புலன்ஸ் வந்தது. போலீஸ் வந்தது. யாரோ வாட்ஸ்அப்பில் போட்டு, அதற்குள் புவனகிரி வரைக்கும் போய்விட்டது. சிந்துஜாவை ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவசரப் பிரிவு டாக்டர் சின்னப் பையன். பாலகுமாரைப் பார்த்துக் கேட்டார்.

"என்ன மருந்து?"

"தெரியல சார். அவன் கடையில எல்லாமே இருக்கும்."

"அங்கிள், நான் ஒண்ணும் குடிக்கல. நல்லாருக்கேன். இப்ப இழுக்கவே இல்ல" என்றாள் சிந்துஜா.

"மருந்து குடிச்சவங்க எல்லாரும் மொதல்ல இப்படித்தாம்மா சொல்லுவாங்க," என்றார் டாக்டர் அன்பாக. நாலு பேர் கைகாலைப் பிடித்துக்கொண்டார்கள். மூக்கு வழியாகக் குழாயை விட்டு, வயிற்றைக் கழுவினார்கள். மத்தியானம் சாப்பிட்ட தயிர்சாதம் வந்தது. சந்தேகம் தீராமல் இன்னொரு தடவை கழுவினார்கள். தண்ணீர் வந்தது. திருப்தியாக இருந்தது.

ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் கயல்விழி உத்திராபதியைத் தரையில் உட்கார வைத்திருந்தார்.

"அந்தப் புள்ள யாருய்யா உனக்கு?"

"எம் பொண்ணு மேடம்."

கயல்விழி மேசைமேல் இருந்த தாளை எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினார். "இது யார் கையெழுத்து?"

"என்னுதுதான் மேடம். ஆனா அது குழுவுக்காக..."

"சம்பந்தமில்லாத வெளியாளு. இஸ்கூலுக்குள்ள பூந்து, கண்ணாடிய ஒடச்சி, ஒரு பொம்பளப் புள்ளைக்கு மருந்து குடுத்திருக்க. தொழில் என்னா?"

  உத்திராபதி வேறு வார்த்தை தேடினார். பிறந்ததிலிருந்து அவருக்கு அந்த ஒரு வார்த்தைதான் தெரியும்.

"மருந்துக் கடை மேடம்."

"அடேங்கப்பா," என்றார் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த ஏட்டு.

சாயங்காலம் கனிமொழி பெட்டியிலிருந்து போனை வாங்கி, விஷயம் தெரிந்து, தலைவிரிகோலமாக ரேஷன் கார்டோடு ஓடி வந்தாள். கார்டில் மூன்று பேரும் ஒரே குடும்பமாக இருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்தும் வயிற்றில் ஆட்சேபகரமாக ஒன்றும் இல்லை என்று தகவல் வந்தது. கயல்விழி பெருமூச்சு விட்டு, "புள்ளைய வெச்சிக்கினு இப்படியெல்லாம் எழுதிக் குடுக்கலாமாய்யா? படிச்சவந்தானே நீ?" என்று திட்டி அனுப்பினார்.

விசாரணைக்காகக் கூட்டி வந்த சிந்துஜா வாசலிலேயே நின்றாள். மூக்கோரம் வீங்கியிருந்தது. தொண்டை கட்டியிருந்தது. அப்பா தரையிலிருந்து எழுந்து வேட்டியைத் தட்டிவிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் மருந்து கேட்டதாலயாப்பா?" என்றாள்.

*

மறுநாள் காலை உத்திராபதி பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னாலேயே போய் நின்றார்.

"டி.சி. குடுத்துருங்க சார். வேற இஸ்கூல் பாத்துக்கறேன்."

"மனசார வாழ்த்தறேன்," என்றார் கார்த்திகேசன். "ஆனா டி.சி.ய தகப்பனார்கிட்டதான் குடுக்க முடியும்."

"நான்தானே சார்..."

"எழுதிக் குடுத்திருக்கீங்களே சார். நம்ம ரெக்கார்ட்ல நிக்குது."

"அத கேன்சல் பண்ணிக் குடுங்க சார்."

"குழு கூடித்தான் ரத்து பண்ணணும். வல்லுநர் ஓட்டு வேணும். வல்லுநர் நீங்க. சொந்த விஷயத்துல நீங்க ஓட்டுப் போட முடியாது." அவர் கையை விரித்தார். "எனக்கு மட்டும் வருத்தம் இல்லையா? கேடயம் முடியட்டும். நானே கமிட்டியைக் கலைச்சிடறேன். அது வரைக்கும் நீங்க குழுவுல இருங்க. ஒடஞ்ச கண்ணாடியப் பத்தி நான் பேச மாட்டேன். புகாரையும் வாபஸ் வாங்கிக்கறேன். பொண்ணு பேரு பேப்பர்ல வரணுமா என்ன?"

வராமலிருக்க உத்திராபதி தலையாட்டினார்.

கனிமொழி கொதித்தாள். "நாளைக்கே அவள வூட்டோட வெச்சிக்கறேன். படிப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"பரீட்ச வருதும்மா. நான் போறேன்," என்றாள் சிந்துஜா. தொண்டை இன்னும் சரியாகவில்லை. "எனக்குத்தான் இப்பல்லாம் இழுக்கறதே இல்லையே."

அது உண்மை மாதிரியே இருந்தது. பதினோரு மணிக்கு ஆபீசில் கேட்டால், இல்லை மிஸ். மத்தியானம் கேட்டால், இல்லை மிஸ். வீட்டில் கேட்டால், இல்லைப்பா. அருள்மொழி மிஸ் அந்த ஓவியக் கையால் வரிசையாக 'இல்லை, இல்லை' என்று எழுதிக்கொண்டே போனார். உத்திராபதி புது இன்ஹேலர் ஒன்று வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். அவள் அதன் பக்கம் திரும்பவே இல்லை.

கனிமொழிதான் முதலில் கவனித்தாள்.

"என்னாங்க, ஒண்ணு பாத்தீங்களா? அவ இப்பல்லாம் ஓடறதில்ல. மாடிப்படி ஏறறதுன்னாகூட நின்னு நின்னு ஏறுறா. நேத்து அய்யனார் அண்ணன் வந்து என்னமோ கூத்தடிச்சாரு, நாங்கல்லாம் வுழுந்து வுழுந்து சிரிக்கறோம், இவ வாயப் பொத்திக்கினு உள்ள போயிட்டா. சிரிச்சா இழுக்கும்னு சிரிக்க மாட்டேங்கறா."

*

கேடயம் கிடைத்தது. கிடைக்காமல் என்ன? மருந்து கொடுத்தால்தானே விபத்து? அந்தப் பள்ளியில் வருஷம் பூராவும் ஒரு சொட்டு மருந்துகூடக் கொடுக்கப்படவில்லை. கண்ணாடி உடைந்த விவகாரம் 'வெளியாள் அத்துமீறல்' என்று பதிவாகியிருந்ததால் அது கணக்கில் வரவில்லை.

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. மேடைக்குப் பின்னால் முந்தின நாள் வரவேற்பின் பூ அலங்காரம் அப்படியே இருந்தது. பொண்ணு மாப்பிள்ளை பெயரை மட்டும் பிய்த்திருந்தார்கள். வல்லுநர் என்ற முறையில் உத்திராபதிக்கு மேடையிலேயே நாற்காலி, கழுத்தில் சந்தன மாலை. ஏ.சி. முழு வேகத்தில் போட்டிருந்தார்கள். சாம்பிராணிப் புகை வேறு. இறைவணக்கம் பாட வந்த பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். நடுவில் சிந்துஜா. முதல்வரே ஆள் அனுப்பி, 'அந்தப் பொண்ணு கட்டாயம் வரணும்' என்று சொல்லியிருந்தார்.

கார்த்திகேசன் மைக்கைப் பிடித்தார்.

"சான்றோர்களே! மருத்துவர்களால் முடியாததை ஒரு பள்ளி நிர்வாகம் செய்ய முடியுமா? முடியும்! எங்களிடம் ஒரு மாணவி. பெயர் சொல்ல மாட்டேன், முன்வரிசையில்தான் இருக்கிறாள். கடுமையான மூச்சுத்திணறல். இரண்டு வருஷமாக மருந்து, மருந்து, மருந்து! நாங்கள் என்ன செய்தோம்? விதிகளை வகுத்தோம். நேரம் குறித்தோம். தினமும் அன்போடு கேட்டோம். இன்றைக்கு அந்தக் குழந்தை மருந்தே கேட்பதில்லை! கேட்கவே கேட்பதில்லை! ஒழுக்கம்தான் உயர்ந்த மருந்து என்பதற்கு..."

மண்டபம் அதிரக் கைதட்டல். உத்திராபதி மகளைப் பார்த்தார்.

சிந்துஜா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கை இரண்டும் மடியில். உதடு இறுக மூடியிருந்தது. பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் அவளைத் திரும்பிப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் கழுத்துக் குழி உள்ளே போய் வந்தது. மறுபடி உள்ளே போயிற்று. உதட்டோரம்...

மாலையை அறுத்துப் போட்டுவிட்டு அவர் மேடையிலிருந்து குதித்தார்.

அவர் வருவதை அவள் பார்த்துவிட்டாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். சின்னதாக, யாருக்கும் தெரியாமல். அவர் சட்டைப்பைக்குள் கை விடுவதைப் பார்த்ததும் வேகமாக ஆட்டினாள்.

"பாப்பா, வாயத் தெற." முன்வரிசைக்கு முன்னால் மண்டியிட்டார். "ஒண்ணும் பண்ண மாட்டாங்கடா. அப்பா இருக்கேன் இல்ல? தெற கண்ணு."

திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். இன்ஹேலரை உதட்டில் வைத்து அழுத்தினார். அவள் முகத்தைத் திருப்பி, இரண்டு கையாலும் அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளினாள். கை ஜில்லென்று இருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஆனால் அந்தக் கண் அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலே, மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தது. முதல்வர் ஒரு தடவை தலையாட்டினால் போதும், திறந்துவிடலாம் என்று காத்திருந்தது.

கார்த்திகேசன் கண்ணை மூடிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்.